விமானத்தின் வயிற்றில் ஒரு லாடம்

முதலில் ஒரு மன்னிப்பு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். ஃபைபர் பட்டறையில் வேலை. என்னையும் நம்பி வாரம் அரைப்பக்கம் கொடுத்திருக்கிறார் இந்தப் பத்திரிகை ஆசிரியர். பஸ்ஸில் குடை தொலைத்தது, மைத்துனர் வீட்டு நாய் துரத்தியது என்று எதையாவது எழுதி ஒப்பேற்றிவிடுவேன். நீங்களும் பெரிய மனசோடு சிரித்துவைப்பீர்கள்.

இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. இதை எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்பதே சந்தேகம்தான்...

போன மாதம் ஈப்போவில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் ஒரு பல் டாக்டர் வந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பெயர் வேண்டாம். இலையில் சோறு விழுந்ததும், பரிமாறியவரிடம் மெல்லிய குரலில் ஒரு கரண்டி கேட்டார். அதை இடது கையில் பிடித்துச் சாப்பிட ஆரம்பித்தார். வலது கை மடியில் கிடந்தது, வேறு யாருடையதோ போல.

பக்கத்து இலைக்காரர் சும்மா இருக்கக் கூடாதா?

"கைக்கு என்னங்க ஆச்சு?"

"பிளேன் விழுந்தது. பத்து வருஷம் ஆகுது. என்ட பிழைதான். கம்பாஸைச் சரியாப் பார்க்கேல்லை."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, சுகமா இருக்கிறீரா?" எழுந்து போகும்போதும், "வாறன் தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்று நான் பாயசம் சாப்பிடவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்பும் நான் சிம்பாங் பூலாய் பக்கம் இதே பட்டறையில்தான் இருந்தேன். தண்ணீர்த் தொட்டி, லாரிக்குக் கூரை — இதுதான் எங்கள் தொழில். ஒருநாள் இந்த டாக்டர் வந்து, விமானத்துக்கு ஒரு சாமான் பெட்டி செய்ய முடியுமா என்று கேட்டார்.

விமானமா? ஆமாம். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரைபடம் வாங்கி, தன் வீட்டுக் கார் ஷெட்டிலேயே ஆறு வருஷமாக மரத்தில் செய்த விமானம். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு பூனை ஏறினாலும் இடமில்லை. அவருக்கோ ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களுக்குப் பறந்துபோய்ச் சனங்களுக்குப் பல் பார்க்க ஆசை. மருந்தடிக்கும் விமானம் இறங்க சில தோட்டங்களில் புல்தரை உண்டு. ஆனால் மடக்கு நாற்காலியையும் காலால் மிதிக்கும் டிரில்லையும் எங்கே வைப்பது? விமானத்தின் வயிற்றுக்கு அடியில்தான்.

"பல் அச்சு எடுக்கிற மாதிரித்தான் தம்பி. பல்லு கொஞ்சம் பெரிசு" என்றார்.

பிளாஸ்டர் மாவில் அச்சு எடுத்து, ஃபைபர் விரித்து, பசை தடவி, காயவிட்டு, தேய்த்து... ஒரு மாதம் ஆனது. பலாப்பழத்தை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்த மாதிரி ஒரு பெட்டி. என் வாழ்க்கையில் நான் செய்த அழகான பொருள் அது ஒன்றுதான்.

கூட வேலை செய்த வேலுவுக்கு என்னைச் சீண்டுவதே பொழுதுபோக்கு. "மச்சான், தண்ணி தொட்டி ஒழுகினா துணி வச்சு அடைக்கலாம். இது ஒழுகினா யார்ரா மேல போயி அடைக்கிறது? சூசா லா, கஷ்டம்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் செய்த பொருளால் ஒரு மனிதர் கீழே விழுந்துவிட்டால்? போதாததற்கு, வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் பெட்டியைத் தடவித் தடவி, "அழகா இருக்கு, அழகா இருக்கு" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். கண் பட்டால்?

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். கூரை போட்டு வெளியே போகும் எந்த லாரியிலும் ஸீட்டுக்கு அடியில் ஒரு குதிரை லாடம் இருக்கும். திருஷ்டிக்கு. வேலுவின் மாமா பந்தயத் திடலில் குதிரைகளைப் பராமரிப்பவர். தேய்ந்த லாடங்களை அவர்தான் கொடுப்பார். சுவரில் ஒரு பழைய ஸ்பீக்கரின் காந்தம் இருந்தது. லாடங்கள் அதில் வருஷக்கணக்கில் ஒட்டித் தொங்கி, அவையே காந்தம் மாதிரி ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, ஒரு லாடத்தை எடுத்தேன். பெட்டியின் மூக்குக்குள் வைத்தேன். மேலே இரண்டு அடுக்கு ஃபைபர் போட்டு மூடிவிட்டேன். கண்ணுக்குத் தெரியாது. கையால் தடவினாலும் தெரியாது.

அவர் பத்திரமாக இருக்க வேண்டும் என்றுதான் வைத்தேன். வேறு எதற்கு?

சனிக்கிழமை விமானத் திடலில் பெட்டியைப் பொருத்தினோம். அலுமினியப் பட்டை நான்கு, அலுமினிய போல்ட்டுகள், இடையில் ரப்பர். டாக்டர் மல்லாக்கப் படுத்து ஒவ்வொரு போல்ட்டையும் தானே முறுக்கினார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, உள்ளுக்கு இரும்பு ஒண்டும் வைக்கேல்லைதானே? திசை காட்டுற கம்பாஸ் இதுக்கு நேர மேலதான் இருக்கு. இரும்பு இருந்தால் அது பொய் சொல்லும். பிறகு ஒரு நாள் மினக்கெட்டு அதைச் சரிபார்க்கவேணும்."

என் முதலாளி பக்கத்தில் நின்றார். வேலு நின்றான். திடலில் வேலை செய்யும் படித்தவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால், 'ஐயா, திருஷ்டிக்கு ஒரு லாடம் வைத்திருக்கிறேன்' என்று எப்படிச் சொல்வது? ஆசையாகச் செய்த பெட்டியின் மூக்கை அறுத்து எடுப்பார்கள். வேலு ஒரு வருஷம் சிரிப்பான்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப நாளைக்கே போகலாம்" என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை ஊரெல்லாம் புகை மூட்டம். எங்கோ காடு எரித்த புகை. தெலுக் ஆன்சன் பக்கம் ஒரு தோட்டத்தில், வீங்கிய கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு விடியற்காலையிலிருந்து ஜனங்கள் காத்திருந்தார்களாம். டாக்டர் கீழே ரோடு தெரியாமல் கம்பாஸை நம்பிப் போயிருக்கிறார். சமவெளி வர வேண்டிய நேரத்தில் எதிரே மலை வந்திருக்கிறது. திருப்பி, தடுமாறி, கம்பார் பக்கம் பழைய ஈயச் சுரங்கத்து வெள்ளை மணலில் இறக்கப் பார்த்திருக்கிறார். பெட்டி மணலில் புதைந்தது. விமானம் கவிழ்ந்தது.

உயிர் இருந்தது. வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. பல் பிடுங்குகிறவருக்கு வலது கை இல்லையென்றால் என்ன மிச்சம்? ஆறே மாதத்தில் கிளினிக்கை மூடினார்.

அதிகாரிகள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போன பிறகு, எங்கள் லாரிதான் உடைந்ததையெல்லாம் ஏற்றி வந்தது. பெட்டியின் மூக்கு மட்டும் தனியாக மணலில் கிடந்தது. அதை நான் சாக்கில் சுற்றினேன். யாரும் கேட்கவில்லை.

பிறகு ஈப்போவில் சாரணர் பையன்கள் வாங்குகிற சின்ன கம்பாஸ் ஒன்று வாங்கினேன். லாடத்தை இரண்டு முழம் தள்ளி வைத்தாலே முள் அசைந்தது. அதனால்தான் அவர் மலைப் பக்கம் போனாரா? அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. ஆனால் பத்து வருஷமாக அவர் 'என்ட பிழை' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் லாடத்தை டூல் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கூச்சக்காரனை எல்லோரும் நல்லவன் என்பார்கள் — கவனித்திருக்கிறீர்களா? அதிர்ந்து பேச மாட்டான், பொய் சொல்ல மாட்டான் என்பார்கள். வாயே திறக்காமல் எவ்வளவு பெரிய பொய் சொல்லலாம் என்பது கூச்சக்காரனுக்குத்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். விமானம் பிறந்த கார் ஷெட்டில் இப்போது துணி காய்கிறது. லாடத்தை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் லாடத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"நான் உன்னட்ட கேட்டனான்தானே?"

"கேட்டீங்க ஐயா."

"நீ தலையை ஆட்டினாய்."

"ஆட்டினேன் ஐயா."

"எப்படி ஆட்டினாய்? ஒருக்கா காட்டு."

காட்டினேன்.

அவர் லாடத்தை எடுக்க வலது கையை நீட்டினார். விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் எடுத்து, கொஞ்ச நேரம் கனம் பார்த்து, மறுபடி வைத்தார்.

"இதைப் பேப்பர்ல எழுதட்டுங்களா ஐயா? பேரு போட மாட்டேன்."

"எழுது" என்றார். பிறகு, "போ" என்றார். போயிட்டு வா என்று சொல்லவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் அவருடைய மகள் பட்டறைக்கு வந்து, நான் மேசையிலேயே விட்டு வந்த லாடத்தைப் பழைய பேப்பரில் சுற்றி, "உங்கட சாமானாம், அப்பா குடுக்கச் சொன்னவர்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.