பதினாலு மீட்டரில் கிடந்த பாறை

தாராவி அய்யாத்துரை இருபத்திரண்டு வருடமாக மும்பையில் ஓட்டை போட்டு வருகிறவர். கட்டடம் எழும்புமுன் நிலத்தைத் துளைத்து, எந்த ஆழத்தில் என்ன இருக்கிறதென்று மாதிரி எடுத்துப் பெட்டியில் அடுக்கித் தருவது அவர் வேலை.

தேவ்நாரில் முப்பது மாடிக் கட்டடத்துக்காகப் போனபோது, ஆறு மீட்டரில் பாறை, அஸ்திவாரச் செலவு குறைவு என்று பில்டர் ஏற்கெனவே முடிவு செய்து விளம்பரப் பலகையும் வைத்துவிட்டார். நிலத்துக்குத்தான் யாரும் தகவல் சொல்லவில்லை.

முதல் மூன்று மீட்டர் மனிதர்கள் கொட்டியது: உடைந்த ஓடு, பிளாஸ்டிக், ஒற்றைச் செருப்பு. அதற்குக் கீழே கடல் கொண்டுவந்து சேர்த்த கருஞ்சேறு, நடுநடுவே சிப்பி. ஆறு மீட்டரிலும் சேறு, பத்திலும் சேறு. பதினாலில்தான் கம்பி ‘ணங்’ என்றது. ஆறரைக் கோடி வருடத்துக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல்.

பெட்டியைப் பார்த்ததும் சைட் மேனேஜர் சாய்நாத்துக்கு முகம் சுண்டிப்போனது. மும்பை மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

“என்னய்யா இது? பாறையைக் கொஞ்சம் மேலே கொண்டுவர முடியாதா?”

“நான் எங்கிட்டு சார் கொண்டாரது? அது கெடக்க எடத்துல கெடக்கு.”

“பெட்டியிலே மாத்தி அடுக்கினாப் போறும். கல்லுல ஆழம் எழுதியா இருக்கு?”

“எழுதியிருக்கு சார். நாந்தான் பெயிண்ட்ல எழுதுனேன்.”

மறுநாள் அய்யாத்துரைக்குப் பதிலாக வேறொருவர் வந்தார். மெஷின் சூடாகுமுன்பே ஆறு மீட்டரில் பாறை கிடைத்துவிட்டது.

வீட்டில் அய்யாத்துரை, தான் செய்தது வீம்பா நியாயமா என்று மனைவி செண்பகத்திடம் கேட்டார்.

“ரெண்டுந்தான். சோறு ஆறுது, சாப்பிடுங்க.”

ஜூலையில், கடல் பெருக்கெடுத்த நாளில் மழையும் சேர்ந்துகொண்டது. அஸ்திவாரக் குழியின் ஓரம் இளகி உள்ளே வழிந்தது. பொக்லைன் கழுத்துவரை இறங்கியது. நல்லவேளை, டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். கம்பெனி தீர விசாரித்து, மண் ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கை எழுதியது. புதைந்த வண்டி திருடுபோகாமலிருக்க ஒரு காவலாளையும் போட்டது.

அப்புறம்தான் அய்யாத்துரைக்கு ஆள் வந்தது. போனார், துளைத்தார். அதே பதினாலு. இந்தத் தடவை சாய்நாத் பதினாலுக்கே கையெழுத்துப் போட்டார். தூண்களைப் பாறைவரை இறக்குவதென்று முடிவாயிற்று.

சாமான்களை ஏற்றும்போது சாய்நாத் அவரைத் தனியே அழைத்தார்.

“போன வருஷம் செம்பூர்ல ஃப்ளாட் வாங்கினேன். அதுக்குக் கீழே என்ன இருக்கும்?”

“தொளைச்சாத்தான் சார் தெரியும்.”

“ஞாயித்துக்கிழமை வரேளா?”

“பில்டிங் சொசைட்டிக்காரங்க விடுவாங்களா?”

சாய்நாத் யோசித்தார். “போர்வெல்னு சொல்லிக்கலாம்.”

அய்யாத்துரைக்கு முதல்முறையாக அந்த மனுசன்மேல் இரக்கம் வந்தது. சரியென்று தலையாட்டிவிட்டு, கோவண்டி ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.