முனிராஜின் வயிறு

ஆஸ்டின் டவுனில் ஸ்கூல் வேன் ஓட்டிய முனிராஜ் குடியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் ஐம்பது வயதில் தொப்பை கிளம்பியதும் தெருவே அதை பீர்த் தொப்பை என்றது. அவரும் சிரித்துக்கொண்டு வேன் சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டார். இரண்டே வருடத்தில் வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. கன்னமோ ஒட்டிப்போனது.

அப்புறம் தொடையிடுக்கில் ஒரு புடைப்பு. "ஹெர்னியாதான், அரைமணி நேர வேலை" என்று ஒரு நர்சிங் ஹோமில் கத்தி வைத்தவர்கள், திறந்த கையோடு மூடிவிட்டார்கள். உள்ளேயிருந்து ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கொழகொழவென்று வழிந்ததாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் லாவண்யா காகிதத்தில் குடலை வரைந்து காட்டினார். "இந்த வால் மாதிரி இருக்கே, அப்பென்டிக்ஸ், இதுல ஒரு கட்டி. சளி மாதிரி சுரந்துக்கிட்டே இருந்திருக்கு. வால் வெடிச்சு, அது வயிறு முழுக்கப் பரவிடுச்சு. ரொம்ப அபூர்வமா வர்றது."

"கேன்சரா மேடம்?" என்றாள் மனைவி வீணா.

"அந்த ஜாதிதான்மா. ஆனா இது மெதுவா போறது. சுத்தமா எடுத்துட்டா பல வருஷம் நல்லா இருக்கலாம்."

வீணா அழுதாள். முனிராஜுக்கு அழக்கூட அலுப்பாக இருந்தது.

பத்து மணி நேர ஆபரேஷன். குடலில் ஒரு பக்கம், மண்ணீரல் எல்லாம் எடுத்து, சூடான மருந்தால் வயிற்றைக் கழுவினார்கள். வார்டில் மூன்று வாரம். வலியைக்கூடத் தாங்கிக்கொண்டார், தினமும் வந்த மருத்துவ மாணவர் கூட்டத்தைத்தான் தாங்க முடியவில்லை. "முனிராஜ் சார், மொதல்ல இருந்து சொல்லுங்க." கட்டைத் திறந்து தையலைக் காட்டி, பீர்த் தொப்பையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஏழாம் நாள் அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வீணா, நீயே சொல்லேன். உனக்குத்தான் மனப்பாடம் ஆயிருக்குமே."

அவள் சொன்னாள். அவர் சொல்லாததையெல்லாம் சொன்னாள். தட்டில் தினமும் மீந்த சோற்றை. பேன்ட் இடுப்பைப் பிரித்துப் பிரித்துத் தைத்ததை. "கேட்டா எரிஞ்சு விழுவாரு. அதனால பயத்தை உள்ளயே வெச்சுக்கிட்டு, தையலை மட்டும் பிரிச்சுக் குடுத்தேன்."

கூட்டம் போனபின் அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "இதையெல்லாம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

இப்போது வேன் இல்லை. அதே ஸ்கூலில் கேட் வாட்ச்மேன். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். போன மாதம் ஈரல் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. "இப்பவே தொட வேணாம், பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"பயமா இருக்கா?" என்று அவரே கேட்டார்.

"இருக்கு."

"எனக்கும்."

ஸ்கூல் விடும் நேரம் நெருங்கியது. அவள் ஃபைலை எடுத்துக்கொண்டாள். அவர் பெஞ்சில் கையூன்றி மெதுவாக எழுந்தார்.