கிழித்த தாளும் கிழிக்காத தாளும்

வாயால் பேச இயலாத சாட்சி எழுதிக் காட்டியோ சைகையாலோ சாட்சி சொல்லலாம். அதை வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ள வேண்டும். இந்தியச் சாட்சியச் சட்டம், பிரிவு 119. வருவாய்த் துறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் குப்பை கொட்டிய எனக்கு இது தூக்கத்திலும் தெரியும். ஆனால் 1872இல் அதை எழுதியவர்கள், பேச்சு இருந்தும் அதிலிருந்து காலம் மட்டும் கழன்றுபோன ஒருத்தியை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் என் மனைவி.

2001இல் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. மதுரையில் பார்த்த மருத்துவர், "புத்திக்கு ஒண்ணும் இல்ல. நாம சொல்றது எல்லாம் புரியும். செஞ்சாச்சா, செய்யப் போறமாங்கிறத மட்டும் அவங்களால வார்த்தையில சேர்க்க முடியல" என்றார். தேனிக்குத் திரும்பிய பிறகுதான் அது எனக்கு மெல்ல விளங்கியது. "மழை பெய்ய" என்பாள். ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணிகளை அள்ளி வருவேன். வெளியே சுள்ளென்று வெயில். அவள் சொன்னது எங்கள் கல்யாணத்தன்று பெய்த மழையை. "அண்ணன் வர" என்பாள். இறந்து பத்து வருடமான மனிதருக்காக நான் வாசலைப் பார்ப்பேன். நாளடைவில் எனக்கும் பிடி தளர்ந்தது. மேற்கு மலையிலிருந்து சாரல் காற்று வந்து சன்னல் திரையை ஊதும் பிற்பகல்களில், அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். நடந்ததும் நடக்கப் போவதும் எங்கள் கூடத்தில் அருகருகே உட்கார்ந்திருக்கும். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஓய்வு பெற்றவனுக்கு அது ஒன்றும் மோசமான வாழ்க்கை இல்லை.

சங்கடம் ஜெயமங்கலத்து வீட்டால் வந்தது. அது அவளுக்குத் தாய்வழி வந்த வீடு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இறந்துபோன அவள் அக்காவின் மகள், கணவனை இழந்தவள், அந்த வீட்டில் இருந்துகொண்டு தினமும் பேருந்தில் வந்து இவளைக் கவனித்துவிட்டுப் போவாள். வீட்டை அவளுக்கே எழுதிவிட என் மனைவி விரும்பினாள். எழுதாமல் கண்மூடினால், தாய்வீட்டுச் சொத்து என்பதால் அது எனக்கு வராது; அண்ணன் மகன்கள் பங்கு கேட்டு வருவார்கள். அந்தப் பெண் தெருவில் நிற்பாள்.

2003 மாசியில் தானப் பத்திரத்தில் பெருவிரல் ரேகை வைத்தாள். அடுத்து, சார்பதிவாளர் முன்னால் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கேதான் நான் அறிவாளியானேன். மூன்று வாரம், காலையும் மாலையும், வாய்ப்பாடு போல "கொடுத்தேன்" என்ற ஒற்றைச் சொல்லை அவள் வாயில் ஏற்றினேன். நன்றாகவே ஏறியது.

"உங்க பேர் என்னம்மா?" என்றார் சார்பதிவாளர்.

"கொடுத்தேன்."

"எந்த ஊரு?"

"கொடுத்தேன்."

"இவரு யாரு?" என்று என்னைக் காட்டினார்.

அவள் என்னை வருத்தத்தோடு பார்த்தாள். "கொடுத்தேன்."

விஷயம் தெரிந்து வந்து பின்னால் நின்ற அண்ணன் மகன் சிரித்துவிட்டான். "என்ன மாமா, கிளிக்குச் சொல்லிக் குடுத்தாப்புலல்ல குடுத்திருக்கீக! அத்தை இருக்கிற இருப்புக்குப் பத்திரம் ஒரு கேடா?"

சார்பதிவாளர் மேல் குற்றமில்லை. அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்: எழுதிக் கொடுத்தவர் தெளிந்த மனநிலையில் இருப்பதாகத் தெரியவில்லை, பதிவு மறுக்கப்படுகிறது. அந்த வரியை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

முப்பது நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மூன்றாம் நாளே வரைவு எழுதி, அக்கா மகளிடம் வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தினாள்.

"சித்தப்பா, சின்னம்மா கேலண்டர் தாளை வச்சு நாளு சொல்லுறாகளே, அத எழுதலயா?"

"என்ன தாளு?"

"கிழிச்ச தாளத் தொட்டுக்கிட்டுச் சொன்னாகன்னா முடிஞ்சது. செவுத்துல தொங்குறதக் காட்டுனாகன்னா இனிமேத்தான். எம்புட்டு நாளாச் செய்யுறாக! ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியல. ஆபீசுல என்னத்தத்தான் பாத்தீகளோ!"

தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களை அவள் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைப்பது எனக்குத் தெரியும். அதையும் நோயின் கணக்கில்தான் சேர்த்திருந்தேன். துணி எடுக்க ஓடிய நாள்களில் எல்லாம் அவள் வாயைப் பார்த்தேனே தவிர கையைப் பார்க்கவில்லை.

வைகாசியில் விசாரணை. மாவட்டப் பதிவாளர் என்னைத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவளை உள்ளே அழைத்தார். துணைக்கு அக்கா மகள். கதவு பாதி திறந்திருந்தது.

"வீட்டைக் குடுத்துட்டீங்களா, இனிமேதான் குடுக்கப் போறீங்களா?"

கையோடு கொண்டுவந்திருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். ரேகை வைத்த நாளின் தாளைத் தேடி எடுத்து மேசைமேல் விரித்து, அதில் பெருவிரலை ஊன்றினாள். "வீடு. பிள்ளைக்கு. குடுக்க."

"வெளிய இருக்காரே, அவரு சொல்லிக் குடுத்ததா இது?"

"அவுக..." வெகுநேரம் தேடினாள். "அவுக பேச. பேச. பேச."

"நேத்தா, நாளைக்கா?"

முதலில் டப்பாவைத் தட்டினாள். பிறகு மேசையைப் பிடித்து எழுந்து, அந்த அறைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியின் மீதித் தாள்களை மொத்தமாக அள்ளிப் பிடித்தாள். மாவட்டப் பதிவாளர் வாய்விட்டுச் சிரித்தார். நான் பெஞ்சில் சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

உத்தரவு தபாலில் வரும் என்றார்கள். இதை நானே எத்தனை பேரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்! ஆனி போயிற்று. ஆடிக் காற்றில் தெருவின் புழுதியெல்லாம் எழுந்து மிதந்தது. தபால்காரர் வருவதும் போவதும் கனவில் நடப்பது போலவே இருந்தது. சில நாள் அவர் வந்தாரா, நான் நினைத்தேனா என்றுகூடத் தெரியாது. அவள் மட்டும் தினமும் தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டு, வாசல் தெரியும்படி உட்கார்ந்திருந்தாள்.

உத்தரவு ஒரே பக்கம். எழுதிக் கொடுத்தவர் தெளிந்த அறிவோடும் தம் விருப்பத்தின் பேரிலும் ஒப்புக்கொண்டதால் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டியது என்று உரக்கப் படித்தேன். 'தெளிந்த அறிவோடும்' என்ற இடத்தில் அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். மறுபடி படித்தேன். இன்னொரு முறை. நான்காவது முறை படித்த பிறகே உத்தரவை மடிக்க விட்டாள். வழக்கப்படி உறையின் மூலையில், பெறப்பட்ட நாள் என்று எழுதி வைத்தேன்: 14.8.2003.