மூன்று முறை கொடுத்த முத்தம்

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம், தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊரில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காள் புருஷன் சங்கு குளிக்கிறவர். இடுப்பில் கயிற்றைக் கட்டி, இன்னொரு கயிற்றில் தொங்குகிற கல்லில் காலை வைத்து இறங்குவார். வள்ளத்தில் நின்று கயிறு பிடிப்பது நான். எங்கள் பக்கம் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும். அக்காள் தாலியை அவனே அறுக்க மாட்டான் என்ற நம்பிக்கை. அத்தானுக்குச் சளி பிடித்தால் காது அடைத்துக்கொள்ளும். அன்றைக்குக் கல்லை நிறுத்தி நிறுத்தித்தான் இறக்க வேண்டும், இல்லையென்றால் ஆழத்தில் காது கிழிந்துவிடும். அந்தப் பக்குவம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் மாதா கோயிலில் பாஸ்கு நாடகம், சேசுநாதர் பாடுபட்ட கதை. அத்தான் சேசுநாதர். அவரை முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கிற யூதாஸ் வேஷத்துக்கு ஒருத்தரும் வராததால் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். வெளியூர்ச் சாமியார் ஒருவர் படம் பிடிக்கிற பெட்டி கொண்டுவந்து, நாடகத்தைக் கடற்கரையில் வைத்துப் பிடித்தார். காட்டிக்கொடுக்கிற முத்தம் சரியாக விழவில்லை என்று மூன்று தடவை கொடுக்கச் சொன்னார். பிறகு சிலுவைக் காட்சி. ஈரக் காற்றில் சாயங்காலம் வரை வெற்றுடம்போடு நின்ற அத்தானுக்குச் சளி பிடித்துவிட்டது.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அந்த யூதாசே ஒரு தடவைதானே கொடுத்தான், நான் மூன்று கொடுத்துவிட்டேனே என்று மனசு அரித்தது. வள்ளத்து ஆட்கள் வேறு, "யூதாசு கையிலயா கயித்தக் குடுக்கப் போறீரு?" என்று அத்தானைக் கேலி பேசினார்கள்.

ஈஸ்டர் கழிந்து முதல் நாள் தொழிலுக்குப் போக அத்தான் வாசலில் வந்து கூப்பிட்டார். மூக்கடைத்த குரல். வயிற்று வலி என்று பொய் சொன்னேன். என் கையால் அவருக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்றுதான்.

"நாடகத்துல நடிச்சதுதானல. நீ பிடிச்சாத்தாம் எனக்குப் பயமில்ல," என்றார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வேறொருவன் கயிறு பிடித்தான். கல்லை ஒரே விடாக விட்டுவிட்டான். அவன்மேல் குற்றமில்லை, அவனுக்கு என்ன தெரியும்? அத்தான் மேலே வந்தபோது இரண்டு காதிலும் ரத்தம். அதோடு கேட்பது நின்றது, கடலும் நின்றது. அக்காள் உப்பளத்துக்குக் கூலிக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் நான், மன்னித்துவிடுங்கள் அத்தான் என்று எத்தனை தடவை சொன்னேனோ. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிக் காட்டலாம் என்றால் அவருக்கு எழுத்துத் தெரியாது.

மறுவருஷம் அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் ஜன்னல்களை அடைத்துவிட்டுக் காட்டினார்கள். பேச்சில்லாத படம். அன்றைக்கு ஊரே அத்தானைப் போல ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தது. மூன்று முத்தமும் அப்படியே வந்தது. மூன்றாவதில், பக்கத்தில் இருந்த அத்தான் என் துண்டைச் சட்டென்று ஒரு இழு இழுத்தார். தண்ணீருக்குள்ளிருந்து கயிற்றை இழுத்து, தூக்கு என்று சொல்கிற அதே இழுப்பு. உடனே எழுந்து, கையைப் பிடித்து வெளியே வெயிலுக்குக் கூட்டிவந்தேன்.

அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. காட்டிக்கொடுக்க முத்தமெல்லாம் வேண்டாம், கூப்பிட்ட நேரத்தில் பயந்துபோய்ப் படுத்திருந்தாலே போதும் என்பது, இன்றைக்கும் கிணற்றுக் கயிற்றைத் தொட்டால்கூட என் கைக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.