கிணற்றடிக்கு இருபத்திரண்டு கல்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் விழுப்புரத்தில் ரயில்வே கேங்மேன். நாள் முழுக்கத் தண்டவாளத்துக்கு நடுவே, சிலீப்பர்க் கட்டைகளின் மேல் கால் வைத்தே நடை. வீடு திரும்பினால் மூக்குக்கு மேல் கோபம். அதை வாங்கிக்கொள்ள என் மனைவி ஒருத்திதான் இருந்தாள்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவள் உண்டானாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டுக்குப் பின்னால் தோட்டம், அதன் கோடியில் கிணறு. களிமண் பூமி, ஐப்பசி மழையில் சோப்பு தேய்த்த மாதிரி வழுக்கும். அவள் விழுந்துவிடக் கூடாதே என்று திண்டிவனத்தில் பலகைக் கல் வாங்கி, வண்டி பேசிக் கொண்டுவந்தேன். கனகாம்பரப் பாத்தியை ஒட்டி, முருங்கையைச் சுற்றி வளைத்து, கயிறு பிடித்துப் பதித்தேன். கதவிலிருந்து கிணற்றடிவரை இருபத்திரண்டு கல்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏம்பா, தோட்டத்துல ரயிலு உடப் போறியா?"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

என் மனைவி குடத்தோடு நடந்து பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் கிட்டக் கிட்டப் போட்டா தேவலைங்க. கால் எட்டல."

"மைல் கணக்குல கட்டை மாத்துறவனுக்கு நீ பாடம் சொல்றியா? கம்முனு நட."

அப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் வேலை செய்யும் இடத்துக்கே ஆள் வந்தது. ஓடினேன். எட்டாம் கல்லுக்கும் ஒன்பதாம் கல்லுக்கும் நடுவே பித்தளைக் குடம் நசுங்கிக் கிடந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை, ஆண். அழவே இல்லை.

மறுநாள்தான் கவனித்தேன். கல் வரிசையை ஒட்டியே புல் தேய்ந்து ஓர் ஒற்றையடித் தடம். நான் இல்லாத நேரமெல்லாம் அவள் அதில்தான் நடந்திருக்கிறாள். மழையில் அது சேறாகிப்போகவே, அன்றைக்குக் கல்லுக்குக் கல் எட்டி வைத்திருக்கிறாள். ரயிலைத் தாங்கப் போட்ட கட்டையின் இடைவெளி என் காலுக்குப் பழகிப்போய், அதுவே மனுஷ நடை என்று நினைத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தை பிறந்ததும் கடப்பாரை எடுத்து அத்தனை கல்லையும் பெயர்த்தேன். "தண்ணி மொண்டுக்கினு நீ நட," என்றேன். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து நடந்தாள். நான் குனிந்தபடியே பின்னால் போய், அவள் அடி விழுந்த இடமெல்லாம் சுண்ணாம்புப் பொடி வைத்தேன். எண்ணினால் முப்பத்து மூன்று காலடி.

கதவண்டை குடத்தை இறக்கிவிட்டுத் திரும்பி, அந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தாள்.

"இவ்ளோதானாங்க? அப்பவே ஒரு தரம் நடக்கச் சொல்லியிருந்தா..."

முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. புள்ளிக்கு ஒன்றாக நான் பதித்த அந்த முப்பத்து மூன்று கல்லில் அவள் ஒரு தடவைகூட வழுக்கியதில்லை.