துடியலூர் மாடியில் என் முறை

ஞாயிறு பகல் இரண்டரை மணிக்குச் சோமனூரில் பஸ் ஏறினேன். காந்திபுரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். கிட்டார் பையை வைக்க இடமில்லாமல் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வீடு விசைத்தறிக் கூடத்தை ஒட்டியது. இரண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்குள்தான் போனைப் பார்த்து ஜாஸ் கற்றேன். பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் எந்தக் கார்டின் மேல் எந்தச் சுரம் ஒட்டும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் நான் வாசித்து இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. துடியலூரில் வாராவாரம் கூடி வாசிக்கும் மூன்று பேர், தங்கள் கிட்டாரிஸ்ட் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டதால், போனில் எழுதிப் பழகிய என்னை ஒருநாள் வாசித்துப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

கருமத்தம்பட்டியில் ஏறிய அம்மாள் ஒருவர் என்ன பாட்டு வாசிப்பேன் என்று விசாரித்தார். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்போம், பிறகு ஒவ்வொருவராக அந்த இடத்திலேயே புதிதாக வாசிக்க வேண்டும் என்றேன்.

"அப்ப என்ன வாசிப்பீங்கன்னு உங்களுக்கே தெரியாதுங்களா கண்ணு?"

தெரியாதுங்க என்றேன். நீலாம்பூரில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். இறங்கவில்லை.

காந்திபுரத்தில் பஸ் மாறி, கவுண்டம்பாளையம் நெரிசலில் ஊர்ந்து, நாலேகாலுக்குத் துடியலூர். ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் கேட்டார்கள். நடந்தேன். கொஞ்சம் தாமதமாகட்டும் என்றுதான்.

பேஸ் கிட்டார் வாசிக்கும் கவிதாவின் வீட்டு மாடி அது. டிரம்ஸ் அவர் கணவர். பியானோ ரபீக், கோட்டைமேட்டில் துணிக்கடை வைத்திருப்பவர், என்னைவிட இளையவர். மெட்டு ஒழுங்காகவே போனது. பிறகு ரபீக், இனி என் முறை என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

தலைக்குள் ஒன்றுமில்லை. படித்த ஸ்கேல்களில் ஒரு சுர வரிசைகூட வரவில்லை. உள்ளங்கை வேர்த்து வழிந்தது. மெட்டின் ஒரு சுற்று முழுக்க நான் கம்பியைத் தொடவேயில்லை, அவர்களோ நிறுத்தவேயில்லை. அடுத்த சுற்றில், ஜி செவன்த் கார்டு வந்தபோது, ஜி என்று நினைத்து அழுத்தினேன். விரல் வழுக்கி ஒரு கட்டம் தள்ளி ஜி ஷார்ப்பில் விழுந்தது. சத்தமாகவே விழுந்தது. மூன்று முகமும் என் பக்கம் திரும்பும் என்று காத்திருந்தேன்.

ரபீக் அதே சுரத்தைத் தன் கார்டுக்குள் சேர்த்து அழுத்தினார். பிழை பிழையாகக் கேட்கவில்லை. அவர்கள் சி கார்டுக்கு வந்தபோது என் விரலும் ஒரு கட்டம் இறங்கி ஜியில் நின்றது. இப்படி உரசிவிட்டு இறங்கி ஒட்டும் சுரத்துக்கு என்ன பெயர் என்பது எனக்கு எப்போதோ மனப்பாடம். காதால் கேட்டது அன்றுதான். அதன்பின் சுற்று முடியும்வரை வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று நினைவில்லை.

டீ குடிக்கும்போது ரபீக் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, மொதச் சுத்துல நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்கன்னு நெனச்சேனுங்க."

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன்."

அடுத்த ஞாயிறு வாரீங்களா என்று கவிதா கேட்டார். யோசிக்கும் முன்பே வாரேனுங்க என்று வாய் சொல்லிப்போட்டது.

பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வேறொரு பயம் பிடித்தது. வரும்போது, வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அவர்கள் வரச் சொல்லிவிட்டார்கள். இனி ஒவ்வொரு ஞாயிறும் அந்த மாடிப்படி ஏற வேண்டும்.