கோர்டோபாவின் ஜோடி சேராத தூண்கள்

எனக்கு எதையும் நிம்மதியாகப் பார்க்கத் தெரியாது. ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றின் செலக்‌ஷன் மேஜையில் பாதி வாழ்க்கை போய்விட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரி, உண்ணி கடித்த தடம் தேடு, முள் கிழித்த கோடு தேடு, தரம் பிரி, அடுத்தது. கண் அப்படியே பழகிவிட்டது. வேலூர் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பார்க்கப் போனாலும் யாளியின் உடைந்த பல்லில்தான் முதலில் போய் நிற்கும்.

ஸ்பெயினுக்குப் போனதும் அந்தக் கண்ணோடுதான். அங்கே ஷூ தைக்கும் கம்பெனி ஒன்று எங்கள் சரக்கை நிறுத்திவைத்திருந்தது. பழுப்பு நிறம் தோலுக்குத் தோல் மாறுகிறது, இடது காலும் வலது காலும் ஒத்துப்போகாது என்றார்கள். சாயம் போட்டவர் எங்கள் டையிங் மாஸ்டர் பாய். சரக்கு திரும்பி வந்தால் அவர் வேலை போய்விடும். முதலாளி அதைச் சொல்லித்தான் எங்கள் இருவரையும் அனுப்பினார். கூடவே ஒரு வழியும் சொன்னார்: அவர்கள் மெஷினிலேயே மேலே கெட்டியாக ஒரு கோட் ஸ்பிரே அடித்து எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடுங்கள். தோலின் ரேகை மூடிப்போகும், தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். பாய் தலையாட்டிவிட்டார்.

நடுவில் ஒரு ஞாயிறு. விடுதி அறையில் என்னால் உட்கார முடியவில்லை. படங்களில் மட்டுமே பார்த்து ஏங்கியிருந்த கட்டடம் ஒன்று கோர்டோபாவில் இருந்தது, மசூதியாகக் கட்டப்பட்டு, பிற்காலத்தில் கிறிஸ்தவப் பேராலயமானது. பாயை எழுப்பி இழுத்துக்கொண்டு ரயிலேறினேன்.

உள்ளே தூண்கள். பாலாற்றங்கரைத் தென்னந்தோப்பில் நடந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வரிசை திறக்குமே, அப்படி. தூணின் மேல் வளைவு, வளைவின் மேல் இன்னொரு வளைவு, சிவப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக. மற்றவர்கள் அண்ணாந்தபடி மெதுவாக நடந்தார்கள். நான் ஓட்டமும் நடையுமாக அலைந்தேன். கண் வேலையை ஆரம்பித்துவிட்டது. இந்தத் தூண் கருநீலம், அடுத்தது ரோஜா நிறம். ஒன்று வழவழ, ஒன்றில் முறுக்கிய வரி. தலையில் செதுக்கிய இலைகூட ஒன்றைப்போல் ஒன்றில்லை. இடிந்த பழைய கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவையாம். குட்டையானதற்கு அடியில் பீடம் கொடுத்து, நெட்டையானதைத் தரைக்குள் இறக்கி நிறுத்தியிருந்தார்கள்.

"இன்னா சார், இங்கயும் செலக்‌ஷனா?" என்றார் பாய். "தூணை ரிஜெக்ட் பண்ணிடாதீங்க. கூரை நம்ம தலையில வுழும்."

"ஒண்ணுகூட ஜோடி இல்ல பாய்."

"அப்போ நம்ம சரக்கே தேவலை."

பொன்னும் நீலமும் இழைத்த தொழுகை மாடத்தின் முன் கம்பித் தடுப்பு இருந்தது. பாய் அங்கே போய் நின்றார். இப்போது அங்கே தொழ அனுமதியில்லை; கை கட்டவில்லை, குனியவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அங்கே நிற்கப் பொறுக்காமல் கட்டடத்தின் கடைசிப் பகுதிக்குப் போய்விட்டேன்.

அங்கே வளைவுகளின் பட்டைகள் அளவெடுத்தமாதிரி இருந்தன. எனக்கு உறுத்தியது. பழைய பகுதியில் சிவப்பு என்றால் செங்கல், வெளுப்பு என்றால் கல். இங்கே எல்லாம் கல்தான், சிவப்பு மேலே பூசியது. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். கழுத்து வலிக்கப் பார்த்தார்.

"ஸ்பிரே கோட்டு," என்றார். சிரிக்கவில்லை. "அவசரமாக் கட்டியிருப்பான்."

"கீழருந்து பார்த்தா யாருக்குத் தெரியப்போவுது?"

"நீங்கதான சார் கூப்ட்டுக் காட்னீங்க."

பழைய பகுதிக்குத் திரும்பி நடந்தார். நான் பின்னாலேயே போனேன். கருநீலத் தூணுக்கும் ரோஜாத் தூணுக்கும் நடுவில் நின்றுகொண்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது பக்கத்துல இது இருக்கறதால தப்பாத் தெரியல. அதோ அந்த வெள்ளையை இங்க வெச்சா சண்டை வந்துடும். எவனோ நின்னு நின்னு பார்த்து வெச்சிருக்கான்." என் பக்கம் திரும்பி, "நாளைக்கு ஸ்பிரே வேணாம் சார். எந்தத் தோலுக்கு எது சேருதோ அதோட அதை ஜோடி போட்டுப் பார்க்கலாம்."

"முதலாளி?"

"அவரு ஆம்பூர்ல இருக்காரு."

"இவங்க ஒத்துக்கலன்னா?"

பாய் ரோஜாத் தூணை இன்னொருமுறை பார்த்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

திரும்பும் ரயிலில் அவர் தூங்கினார். வெளியே ஆலிவ் மரங்கள் வரிசை வரிசையாக ஓடின. பார்க்க வந்ததை நான் பார்த்தேனா? எந்தத் தூணில் எங்கே விரிசல் என்று கேட்டால் சொல்வேன். அத்தனையும் சேர்ந்து அங்கே எப்படி நின்றன என்று கேட்டால் வாய் அடைத்துப்போகிறது. இன்றுவரை அப்படித்தான்.

மறுநாள் கிடங்கில் சரக்கு இறக்கும் கதவைத் திறக்கச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் தோல்களைப் பரப்பினோம். பாய் முட்டிபோட்டு நகர்ந்து நகர்ந்து சேர்த்தார். கம்பெனியின் தரம் பார்க்கும் அம்மாள் வந்தார். முதல் ஜோடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"இன்னா செய்றாங்க?"

"மடிச்சுப் பார்க்கறாங்க."

"மூஞ்சி?"

"ஒண்ணும் புரியல பாய்."

அந்த அம்மாள் திரும்பி வந்து, இரண்டு தோலையும் வெட்டும் மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"பாய், அடுத்த ஜோடி கேக்கறாங்க."

கைக்கு எட்டியதை பாய் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடவில்லை. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். குனிந்து, அதற்குச் சேருவதைத் தேட ஆரம்பித்தார்.